வளர்ந்துகொண்டிருக்கும் சின்ன நகரத்துக்குக் குடிபோகலாமா? இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்

மாடிப்படி:

11 வருடமாக ஒரு பெருநகரத்தில் இருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், மகளுக்கு 4 வயது. காலையில் அவள் எழுந்திருப்பதற்குள் நான் கிளம்பிவிடுகிறேன், திரும்பி வரும்போது பாதி நாட்கள் தூங்கியிருப்பாள். இப்போது அலுவலகத்தில் ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. மூன்று லட்சம் பேர் இருக்கும், வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு நகரத்தில் எங்கள் கிளை இருக்கிறது, அங்கே மாறிக்கொள்ளலாம். சம்பளம் கொஞ்சம் குறையும், அது பரவாயில்லை.

இரண்டு நாள் போய்த் தங்கிப் பார்த்தோம். பிடித்திருந்தது. இரண்டு நாளில் எந்த ஊரும் பிடிக்கத்தான் செய்யும் என்கிறாள் மனைவி, அதுவும் நியாயம்தான்.

பெருநகரத்தைத் திட்டி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், கிராமத்துக்குத் திரும்பிப் போனேன் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த நடுவாந்தர ஊர்களைப் பற்றித்தான் யாரும் எழுதிக் காணோம். இத்தனைக்கும் உலகத்தில் நகரவாசிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஐந்து லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களில்தான் வாழ்கிறார்கள் என்று ஐ.நா.வின் 2018 அறிக்கை சொல்கிறது. அப்படியானால் இங்கேயும் நிறையப் பேர் இருக்க வேண்டுமே? மருத்துவ வசதி எப்படி, மனைவிக்கு வேலை கிடைக்குமா என்றெல்லாம் கேட்க இருக்கிறது. ஆனால் உண்மையில் என்னைத் தூங்கவிடாத கேள்வி வேறு. இன்னும் பத்து வருடத்தில் அந்த ஊரும், நாங்கள் விட்டு ஓடும் ஊரைப் போலவே ஆகிவிட்டால்?

கிழக்கு ஜன்னல்:

9 வருடத்துக்கு முன் இதே கணக்கைப் போட்டுக்கொண்டு இதே அளவு ஊருக்கு வந்தவன் நான். வருத்தமில்லை, ஆனால் வந்தபோது நினைத்தது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

நேரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், அதற்காகத்தானே எல்லாரும் வருகிறோம். வந்த புதிதில் வீட்டிலிருந்து அலுவலகம் 12 நிமிடம். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவேன், அந்த ஒரு வருடம் சொர்க்கம். இப்போது 35 நிமிடம் ஆகிறது. ஊரைக் குற்றம் சொல்ல முடியாது, நான் செய்த வேலை அது. எல்லாம் 12 நிமிடத்தில் இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் பெரிய வீடாகக் கட்டலாமே என்று ஊருக்கு வெளியே மனை வாங்கினேன். என்னைப் போலவே இன்னும் சில ஆயிரம் பேர் யோசித்திருக்கிறார்கள். செசாரே மார்க்கெட்டி என்ற இத்தாலியர் 1994ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: எந்தக் காலத்திலும் மனிதர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரத்தைப் பயணத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள், வண்டி வேகமானால் நேரம் மிச்சமாவதில்லை, வீடுதான் தள்ளிப் போகிறது. கட்டி முடித்த பிறகு படித்தேன், என்ன செய்ய. நீங்கள் வந்தால் தயவுசெய்து ஊர் நடுவிலேயே சின்ன வீடாகப் பாருங்கள்.

அடுத்து மருத்துவம். "நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இரவு இரண்டு மணிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்க ஆள் இருக்குமா என்று கேளுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்பதை ஸ்கேனில் உறுதி செய்துகொள்ள வேண்டும். என் மாமனாருக்கு வந்தபோது இயந்திரம் இருந்தது, அதை இயக்குகிறவர் காலையில்தான் வருவார் என்றார்கள். ஆம்புலன்ஸில் போட்டுக்கொண்டு பக்கத்துப் பெருநகரத்துக்கு ஓடினோம். பிழைத்துக்கொண்டார், வலது கை இன்னும் முழுதாக வரவில்லை. அது ஆறு வருடத்துக்கு முன். இப்போது 24 மணி நேரமும் ஸ்கேன் எடுக்கும் இடம் இரண்டு இருக்கின்றன. வளர்கிற ஊரில் இது ஒன்று, நீங்கள் கேட்கும் வசதி வரத்தான் போகிறது, உங்களுக்குத் தேவைப்படுகிற அன்றைக்கு வந்திருக்குமா என்பதுதான் தெரியாது.

எது வரும் எது வராது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. வால்டர் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மன் புவியியலாளர் 1933லேயே சொன்னது: ஒவ்வொரு சேவையும் தாக்குப்பிடிக்க இத்தனை பேர் வேண்டும் என்று ஓர் அளவு இருக்கிறது. பல் மருத்துவருக்கு உங்கள் பேட்டையே போதும். குழந்தைகள் நரம்பியல் மருத்துவருக்கு மூன்று லட்சம் பேர் போதாது. அதனால் அவர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வெளியூரிலிருந்து வருவார், மற்ற நாட்களில் நீங்கள் அவர் ஊருக்குப் போக வேண்டும். மகளுக்குத் தொடர் சிகிச்சை எதுவும் இல்லை என்றால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாலாவது தெரு:

நான் குடிவந்தவன் இல்லை, இப்படி ஓர் ஊரில் பிறந்து வளர்ந்தவன். உங்களை வர வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் நீங்கள் எல்லாரும் "வளர்கிற நகரம்" என்கிறீர்கள், எங்களுக்கு அது தோண்டுகிற நகரம். எங்கள் தெருவை ஒரே வருடத்தில் மூன்று தடவை தோண்டினார்கள். முதலில் குடிநீர்க் குழாய், மூடித் தார் போட்டார்கள். தார் காய்வதற்குள் கேபிள்காரர்கள் வந்தார்கள். அப்புறம் பாதாளச் சாக்கடை. இந்த மூன்று பேரையும் ஒரு நாள் ஒரே மேசையில் உட்காரவைத்திருந்தால் தெரு தப்பித்திருக்கும்.

அப்புறம் வாடகை. பெருநகரச் சம்பளத்தை வைத்துக்கொண்டு வருகிறவருக்கு இங்கே வாடகை மலிவாகத் தெரிகிறது, கேட்டதைக் கொடுத்துவிடுகிறார். வீட்டுக்காரருக்கு அதுதான் புது விலை. இங்கேயே சம்பாதிக்கிற என் தம்பி நான்கு வருடத்தில் மூன்று வீடு மாறி இப்போது ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிறான். உங்கள் தப்பு என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு வாருங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெரு இப்போது பெரிய சாலைக்குக் குறுக்குவழியாகிவிட்டது. முன்பெல்லாம் சாயங்காலம் திண்ணையிலும் வாசற்படியிலும் ஆள் இருக்கும், எதிர்வீட்டோடு இங்கிருந்தே பேசலாம். இப்போது கத்தினாலும் கேட்காது. மகள் கல்லூரியில் படித்ததாக ஒன்று சொன்னாள், டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டுப் பார்த்தாராம். வண்டி அதிகம் போகாத தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள். வண்டி நெரியும் தெருவில் ஒருவருக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. இதற்கு ஆராய்ச்சியே வேண்டாம், எங்கள் தெருவில் ஒரு மாலை வந்து நின்றால் போதும்.

பழைய வரைபடம்:

நாலாவது தெரு சொல்லும் மூன்று தடவை தோண்டிய கதையில் நானும் ஒரு ஓரத்தில் இருந்தவன்தான், வேறு ஊரில். நகரமைப்புப் பிரிவில் நிறைய வருடம் வேலை பார்த்தேன். அந்த மூன்று பேருக்கும் பணம் மூன்று வேறு இடத்திலிருந்து மூன்று வேறு மாதத்தில் வரும், வந்த பணத்தைக் குறித்த தேதிக்குள் செலவழிக்கவில்லை என்றால் திரும்பிப் போய்விடும். அதனால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். மேசை போட்டுப் பேசியும் இருக்கிறோம், ஒன்றும் நடக்கவில்லை.

சின்ன ஊரை நிர்வகிப்பது சுலபம் என்ற எண்ணம் எல்லாருக்கும் இருக்கிறது. பாதி தப்பு. லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் ஆகியோர் இருந்த ஓர் ஆராய்ச்சிக் குழு பல நாட்டு நகரங்களின் புள்ளிவிவரத்தை வைத்து 2007ல் ஒரு கணக்குச் சொன்னது. ஊர் இரண்டு மடங்கானால் சாலையும் குழாயும் மின்கம்பியும் இரண்டு மடங்கு தேவைப்படுவதில்லை, ஏறக்குறைய 85 சதவீதம் கூட்டினால் போதும். தலைக்கு வருமானமோ 15 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது (குற்றமும் தொற்றுநோயும் அதே வேகத்தில் கூடுகின்றன, அதை யாரும் மேடையில் சொல்வதில்லை). இதையே சின்ன ஊர்ப் பக்கத்திலிருந்து பாருங்கள். தலைக்கு அதிக நீளக் குழாய் போட வேண்டும், போடுவதற்கு வரும் வரியோ குறைவு. மூன்று லட்சம் பேர் ஊரில் தண்ணீர் வருவதற்குள் கடைகள் வந்துவிடுவதற்கு இதுதான் காரணம். கடைக்காரர் சொந்தப் பணத்தைப் போட்டு ஆறு மாதத்தில் திறந்துவிடுவார், சாக்கடை அப்படி வராது.

மாடிப்படி, நீங்கள் வீடு தேடும்போது இதைக் கவனியுங்கள். இந்த ஊர்கள் நடுவில் வளர்வதில்லை, ஓரத்தில் வளர்கின்றன. ஓரம் என்றால் பெரும்பாலும் நகர எல்லைக்கு வெளியே, விதிகள் தளர்வாக இருக்கும் இடம். முதலில் வீடுகள் வரும், பிறகுதான் அதை நகரத்தோடு சேர்ப்பார்கள், சேர்த்த பிறகும் குழாய் வரப் பல வருடம் ஆகும். அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆழ்துளைக் கிணறு, ஒரு கழிவுத்தொட்டி. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 15 மீட்டர், மண்ணைப் பொறுத்து 30 மீட்டர் வரை இடைவெளி வேண்டும் என்பார்கள். சின்ன மனையில் உங்கள் கிணற்றுக்கும் உங்கள் தொட்டிக்கும் இடையே அந்த இடைவெளியை நீங்கள் விட்டாலும், பக்கத்து வீட்டுத் தொட்டி உங்கள் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்று யார் அளந்தார்கள்? முதல் பத்து வீடு வரும்வரை தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும். நூறு வீடு வந்த பிறகு பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம் பழைய வரைபடம் ஒன்று தேடிப் பாருங்கள் (என் பெயர்க் காரணம் புரிந்திருக்கும்). முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய நில வரைபடத்தில் நீலமாக இருந்த இடத்தில் இப்போது வீடு இருந்தால், அங்கே மனை மலிவாகக் கிடைத்த காரணம் அடுத்த பெருமழையில் தெரியும். மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர், தார் போட்டுக் கான்கிரீட் போட்ட பிறகு வழிந்து ஓடியாக வேண்டும், ஓட வழி இல்லாவிட்டால் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வரும்.

பத்து வருடத்தில் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். நெரிசல் ஆரம்பித்ததும் அந்த ஊர் என்ன செய்கிறது என்று பாருங்கள். சாலையை அகலமாக்குவதை மட்டும் செய்தால் நீங்கள் விட்டு வந்த ஊர்தான். டுராண்டன், டர்னர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க நகரங்களை வைத்து 2011ல் காட்டியது இது: நெடுஞ்சாலைத் தடங்கள் எவ்வளவு கூடுகின்றனவோ, வண்டி ஓட்டமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. வேறு வழியும் இருக்கிறது. ஸ்பெயினில் பொன்டெவெத்ரா என்று 83,000 பேர் அளவில் ஓர் ஊர், 1999ல் புது மேயர் வந்ததும் நடுவூரில் கார்கள் வெறுமனே கடந்து போவதைத் தடுத்தார்கள், தெருவோர வண்டி நிறுத்தத்தை எடுத்தார்கள், தெருவை நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பெருநகரத்தில் இதைச் செய்ய முப்பது வருடம் சண்டை போட வேண்டும், சின்ன ஊரில் ஒரு நல்ல நிர்வாகம் ஒரு தவணையில் செய்துவிடலாம். கெட்ட நிர்வாகமும் அதே வேகத்தில் கெடுத்துவிடலாம்.

இரண்டாம் ஷிப்ட்:

எல்லாரும் சாலை, சாக்கடை என்றே பேசுகிறீர்கள். மாடிப்படி, உங்கள் மனைவியின் வேலையை ஒரே வரியில் கடந்து போய்விட்டீர்களே, அதைப் பற்றி நான் சொல்கிறேன்.

கணவரின் மாற்றலோடு இப்படி ஓர் ஊருக்கு வந்தவள் நான். வந்து மூன்று மாதத்தில் எனக்கும் வேலை கிடைத்தது, நல்ல வேலைதான். பிரச்சினை அங்கே இல்லை. என் படிப்புக்கு அந்த ஊரில் இருந்த நிறுவனம் ஒன்றே ஒன்று. பெருநகரத்தில் மேலாளர் பிடிக்கவில்லை என்றால் நான்கு இடத்துக்கு விண்ணப்பம் போடலாம், அதற்காகவே மேலாளரும் கொஞ்சம் யோசித்துப் பேசுவார். இங்கே நான் எங்கேயும் போக முடியாது என்பது அவருக்கும் தெரியும். சம்பள உயர்வு கேட்கப் போகும்போது அந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். நான்காவது வருடம் அந்தப் பிரிவையே மூடினார்கள். ஊரில் ஒரே நாளில் 60 பேர் வேலை தேடினோம், எல்லாரும் ஒரே மாதிரி வேலை. சிலர் ஊரை விட்டுப் போனார்கள், சிலர் கிடைத்ததைச் செய்தார்கள். நான் வீட்டிலிருந்தபடி வெளியூர் நிறுவனத்துக்கு இரண்டாம் ஷிப்ட் பார்க்கிறேன். அதனால் உங்கள் மனைவிக்கு "வேலை கிடைக்குமா" என்பதோடு நிறுத்தாதீர்கள், இரண்டாவது வேலை கிடைக்குமா என்று பாருங்கள்.

இன்னொன்று, ஆட்கள். பெருநகரத்தில் யாரும் யாரையும் கண்டுகொள்வதில்லை என்பார்கள். ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் 1970ல் எழுதிய ஒரு கட்டுரையில் அதைத் திமிர் என்று சொல்லவில்லை, அத்தனை முகங்களையும் மனதில் ஏற்ற முடியாமல் மனிதர்கள் போட்டுக்கொள்ளும் ஒரு தடுப்பு என்றார். சின்ன ஊரில் அந்தத் தடுப்பு வேண்டியதில்லை. மருந்துக்கடையில் நான் வாங்கிய மாத்திரையைப் பற்றி மறுநாள் அலுவலகத்தில் ஒருவர் விசாரித்தார், அன்பாகத்தான் கேட்டார், எனக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. அதே ஊரில் மகனுக்குக் காய்ச்சல் என்று பள்ளியில் சொல்லி, அங்கே போக முடியாமல் நான் மாட்டிக்கொண்டபோது, பாதி அறிமுகமான ஒரு பெண்மணி அவனை அழைத்துப் போய் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தன் வீட்டில் படுக்கவைத்திருந்தார். கேட்காமலேயே. இரண்டும் ஒரே ஊரில், ஒரே காரணத்தால்தான் நடக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தர முடியுமா என்று நானும் பார்த்தேன், முடியாது.

ஊர் வளர வளர இதுவும் மாறுகிறது. இப்போது மருந்துக்கடையில் என்னைத் தெரியாத பையன் இருக்கிறான். நிம்மதியாகவும் இருக்கிறது, கொஞ்சம் என்னவோ போலவும் இருக்கிறது.

நாலாவது தெரு:

இரண்டாம் ஷிப்ட் சொன்னது சரி. நாங்கள் விசாரிப்போம், அது எங்கள் வியாதி. ஆனால் வந்தவர்களும் மூன்று வருடம் ஆனாலும் "உங்கள் ஊர்" என்றே பேசுகிறார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாடிப்படி:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. மனைவியையும் உட்காரவைத்துப் படித்தோம். இரண்டாம் ஷிப்ட் எழுதியதை அவள் இரண்டு தடவை படித்தாள், அப்புறம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஒரே வரியில் கடந்தது உண்மைதான்.

வீட்டை விற்காமல், முதலில் ஆறு மாதம் வாடகைக்குப் போய் இருந்து பார்க்கலாமா என்று யோசிக்கிறோம். எந்த மாதத்தில் போனால் ஊர் சரியாகத் தெரியும்?

பழைய வரைபடம்:

மழைக்காலத்தில் போங்கள். வீட்டுக்காரர் தெரு என்று காட்டியது தெருவா ஓடையா என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். கோடையும் சேர்ந்து வருகிற மாதிரி ஆறு மாதத்தைப் பிரித்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது, கிணறு எத்தனை அடிக்கு இறங்குகிறது என்று பார்க்கலாம்.

கிழக்கு ஜன்னல்:

நடுவூரில் பாருங்கள், மறுபடியும் சொல்கிறேன். என் 35 நிமிடத்தைப் பார்த்தாவது.

இரண்டாம் ஷிப்ட்:

மனைவி தன் துறையில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் போவதற்கு முன்பே பேசிவிடட்டும், உங்கள் அலுவலகத்தார் வழியாக வேண்டாம், அவராகவே. அந்த ஊரில் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தவர் யாராவது கிடைத்தால் அவரிடம்தான் முதலில்.

மாடிப்படி:

சரி, அவளே தேடுகிறேன் என்கிறாள். நான் நாளை காலை அந்த ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டு ஸ்கேன் விஷயத்தைக் கேட்கிறேன். இல்லை, காலையில் வேண்டாம், இரவு இரண்டு மணிக்கே போடுகிறேன், யார் எடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.